பெட்டியில் 3600 என்றுதான் போட்டிருக்கிறது

கம்ப்யூட்டரின் தற்காலிக மெமரியான ராம் ஸ்டிக் வரும் பெட்டியின் மேல் அதன் வேகம் 3600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் 18-22-22-42 என்ற டைமிங் (எத்தனை கிளாக் தாமதம் என்ற கணக்கு), 1.35 வோல்ட். செருகினால் 3600ல் ஓடும் என்று நம்பித்தான் பெரும்பாலானவர்கள் வாங்குகிறார்கள். பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், எதையும் தொடாமல் செருகினால் அது பெரும்பாலும் 2133லோ 2400லோ 2666லோதான் ஓடும். டிடிஆர்4 என்ற ராம் தலைமுறைக்கு ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வகுத்த தரப்பட்டியலே 1.2 வோல்ட்டில் 3200 வரைதான். அதற்கு மேல் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஓவர்கிளாக்கிங், அதாவது தரத்தை மீறி வேகத்தை ஏற்றுவது, என்ற கணக்கில் சேரும்.

அந்த எண்ணை எட்டிப் பிடிக்க எக்ஸ்எம்பி என்றொரு வசதி இருக்கிறது. 2007ல், டிடிஆர்3 வந்த சமயத்தில் இன்டெல் கொண்டுவந்தது. ராம் ஸ்டிக்கிலேயே ஒரு குட்டி சிப் உண்டு. வேகம் இவ்வளவு, டைமிங் இவ்வளவு, வோல்ட்டேஜ் இவ்வளவு என்று ராம் கம்பெனிக்காரர்கள் அதில் எழுதி வைத்துவிடுவார்கள். பயாஸில் ஆன் செய்தால் மதர்போர்டு அதைப் படித்து அப்படியே போட்டுக்கொள்ளும். ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று வேறு பெயர்களில் இருக்கும், சமாச்சாரம் ஒன்றுதான். ஒரே கிளிக்கில் முடிந்துவிடுவதால், நாம் ஓவர்கிளாக் செய்திருக்கிறோம் என்பதே பலருக்கு உறைப்பதில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்த ஸ்டிக்குகளுக்கு மட்டும்தான் அந்த எண்ணுக்கான உத்தரவாதம். உங்கள் புராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை.

இதை எழுதக் காரணம் என் சித்தப்பா பையன். ஈரோட்டில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறான். ரைசன் 7 5800எக்ஸ், 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. மெஷின் இரண்டு வருஷமாக வாயைத் திறக்காமல் உழைத்தது. மூன்று 4கே கேமரா வைத்து எடுக்க ஆரம்பித்ததும் 32 ஜிபி போதவில்லை. அதே கம்பெனி, அதே மாடல் நம்பர், அதே 3600 பார்த்து இன்னொரு ஜோடி வாங்கிச் செருகினான். விண்டோஸ் 64 ஜிபி என்று காட்டியது. தொல்லை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

"எக்ஸ்போர்ட் பாதியில நின்னுக்குதுங்ணா. ஒரு நாள் ஜம்முனு ஓடுது, ஒரு நாள் படுத்துக்குது. முகூர்த்த மாசம் வேற."

அதற்குள் உள்ளூர்க் கடையில் விண்டோஸை ஒரு முறை மாற்றியிருந்தார்கள். அப்புறம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றினார்கள். அடுத்தது கிராபிக்ஸ் கார்டு என்று சொல்லியிருந்தார்கள். இப்படி ஒன்று மாற்றி ஒன்று பாகத்தை மாற்றிக்கொண்டே போகிற வைத்தியம் சில நேரம் பலிக்கும். ஆனால் கடை மேஜையில் ஏசிக்கு அடியில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் இந்த மாதிரிக் கோளாறு முகத்தையே காட்டாது.

அவனிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நீலத்திரை வரும்போதெல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். வாட்ஸ்அப்பில் மொத்தமாக அனுப்பச் சொன்னேன். ஒன்றில் மெமரி மேனேஜ்மென்ட். ஒன்றில் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். இன்னொன்றில் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா. வேறொன்றில் கெர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர். கீழே காட்டும் டிரைவர் ஃபைலின் பெயரும் ஒவ்வொரு படத்திலும் வேறு. இந்தச் சிதறல்தான் முதல் துப்பு. ஒரே டிரைவர், ஒரே பிழை என்று திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டு விழுந்தால், எல்லோரும் மிதிக்கிற தரையில்தான் கோளாறு. அந்தத் தரை மெமரி.

அடுத்ததாக ஒரு சின்ன சோதனை. கையில் இருந்த ஒரு பெரிய ஜிப் ஃபைலை 7-ஜிப்பில் திறந்து டெஸ்ட் கொடுக்கச் சொன்னேன். ஒரு ஃபைலில் சிஆர்சி எரர், அதாவது சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை. மறுபடி டெஸ்ட் கொடுத்தால் அந்த ஃபைல் சரியாக இருக்கிறது, வேறு ஃபைலில் எரர். அதே ஜிப்பை அவன் லேப்டாப்பில் போட்டால் ஒரு குறையும் இல்லை. டிஸ்க்கில் கோளாறு என்றால் அடிபட்ட ஃபைல் அதே ஃபைலாக இருக்கும். இடம் மாறி மாறி அடிபடுகிறது என்றால் படிக்கிற வழியில் எங்கேயோ பிட் புரள்கிறது.

மைக்ரோசாஃப்டில் பல காலம் வேலை பார்க்கும் ரேமண்ட் சென் 2005ல் ஒரு சம்பவம் எழுதினார். வாடிக்கையாளர் மெஷின்களிலிருந்து வந்து குவியும் கிராஷ் அறிக்கைகளில் சில, நடக்கவே முடியாத இடத்தில் விழுந்திருந்தன. புராசஸருக்குள்ளேயே இருக்கும் ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளை, மெமரியைத் தொடக்கூட இல்லை, அங்கே கிராஷ். விசாரித்தால் அவை ஓவர்கிளாக் செய்த மெஷின்கள். சிலருக்குத் தங்கள் மெஷின் ஓவர்கிளாக் ஆகியிருப்பதே தெரியாது. விற்ற கடை அப்படி ஏற்றிக் கொடுத்திருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் இந்த அவஸ்தை வந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.1 பதிப்பு வேலை மும்முரமாக நடக்கும்போது அவருடைய மெஷின் தாறுமாறாக விழுந்தது. கெர்னலில் பிழை என்று முதலில் எண்ணியவர் கடைசியில் கண்டது கெட்டுப்போன ஒரு ராம் ஸ்டிக். அவர் ஓவர்கிளாக் எதுவும் செய்திருக்கவில்லை. ஆனாலும் மெமரி கெட்டால் அந்த ஆளுக்கே மென்பொருள் மேல்தான் முதல் சந்தேகம் போகிறது என்றால், ஈரோட்டில் கடைக்காரர் விண்டோஸை மாற்றியதில் என்ன ஆச்சரியம்?

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒன்று சொன்னேன்: "அந்த மெஷின்ல இனிமே ஒரு ஃபுட்டேஜும் காப்பி பண்ணாத. கார்டுல இருந்து லேப்டாப் வழியா எக்ஸ்டர்னலுக்குப் போடு." நீலத்திரை வந்தால் நமக்குத் தெரிகிறது. ஆனால் புரண்ட பிட் ஒரு வீடியோ ஃபைலுக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டால் ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும். கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது. விண்டோஸ் இருக்கிற டிரைவுக்கும் இது பொருந்தும். நிலையில்லாத மெமரியோடு அப்டேட் ஓடினால் சிஸ்டம் ஃபைல்களே கெட்டுப்போகும். பிறகு மெமரியைச் சரிசெய்த பின்னும் கிராஷ் தொடரும், நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனேன்.

முதல் வேலை, பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோவது. எக்ஸ்எம்பி ஆஃப். நான்கு ஸ்டிக்கும் அப்படியே இருக்கட்டும். மெம்டெஸ்ட்86 என்ற மெமரி சோதனை மென்பொருளை பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். இந்த இடத்தில் எரர் வந்தால் அப்புறம் ஓவர்கிளாக்கிங் பேச்சே வேண்டாம். ஸ்டிக் கெட்டுவிட்டது, வாரண்டியில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வரவில்லை. காலையில் பச்சையாக பாஸ் என்று காட்டியது.

"அப்ப ராம் நல்லா இருக்குதுங்ளா?"

"ஜெடெக் வேகத்துல நல்லா இருக்கு. அதுக்கு மேல இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அடுத்து ஜோடி ஜோடியாக. பழைய ஜோடி மட்டும், புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். இப்போது வரும் போர்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு ஸ்லாட்டும் கம்பியின் கடைசி முனையில் வருகிற மாதிரி அமைந்தவை. முதலாவதிலும் மூன்றாவதிலும் மட்டும் செருகினால் மீதிக் கம்பி சும்மா நீட்டிக்கொண்டு நிற்கும், சிக்னல் அதில் மோதித் திரும்பும். எக்ஸ்எம்பி ஆன், 3600. டெஸ்ட்மெம்5 என்ற இன்னொரு சோதனையை ஓடவிட்டால் எரர் இல்லை. புது ஜோடி மட்டும் அதே ஸ்லாட்டுகளில், அதே எக்ஸ்எம்பி. எரர் இல்லை. நான்கையும் செருகினால் ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள் வரிசை கட்டிவிட்டன.

டெஸ்டுக்கு எந்த மென்பொருள் என்று நிறையப் பேர் கேட்பார்கள். மெம்டெஸ்ட்86 விண்டோஸுக்கு வெளியே ஓடுவதால் டிரைவில் இருப்பதைக் கெடுக்காது. முதல் வடிகட்டலுக்கு அதுதான். ஆனால் அது மெஷினைப் பெரிதாகச் சூடேற்றாது, ஆகவே அதில் தேறுவது பாதி வெற்றிதான். டெஸ்ட்மெம்5ல் எக்ஸ்ட்ரீம் கான்ஃபிக் போட்டு ஓட்டினால் மெமரி டைமிங்கில் இருக்கும் பலவீனங்களை வேகமாக வெளியே இழுக்கும். வை-க்ரஞ்சர், ப்ரைம்95 லார்ஜ் எஃப்எஃப்டி இரண்டும் மெமரியோடு சேர்த்து மெமரி கன்ட்ரோலரையும் அரைக்கும். ஒன்றில் தேறி இன்னொன்றில் விழுவது சகஜம். விளையாட்டு ஓடுகிறது, சினிபெஞ்ச் ஓடுகிறது என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. சினிபெஞ்ச் புராசஸர் சோதனை. அது மெமரியைத் தொடுவதே கொஞ்சம்தான்.

இந்தக் கட்டத்தில் இணையத்தில் கிடைக்கிற அறிவுரை ஒன்று உண்டு: வோல்ட்டேஜை ஏற்று. ராமுக்கு 1.35லிருந்து 1.4, புராசஸரில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதியான எஸ்ஓசிக்கு இன்னும் கொஞ்சம். எனக்கு இந்த வழி பிடிக்காது. என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்னால் மின்சாரத்தை ஏற்றினால் இரண்டில் ஒன்று நடக்கும். எரர் குறையும், ஏன் குறைந்தது என்று தெரியாது. அல்லது கூடும், ஏன் கூடியது என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு டெஸ்ட். அலுப்பான வேலைதான்.

ரைசனில் மெமரி வேகத்தை ஏற்றும்போது கூடவே இன்னொன்றும் ஏறுகிறது. கோர்கள் இருக்கிற சிப்பையும் மெமரி கன்ட்ரோலர் இருக்கிற சிப்பையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக். 3600 மெமரியின் உண்மையான கிளாக் 1800 மெகாஹெர்ட்ஸ். ஃபேப்ரிக்கும் அதே 1800ல் சேர்ந்து ஓடினால்தான் தாமதம் குறைவு. அதனால் 3600ல் விழுகிற மெஷினில் விழுவது ராமா, ஃபேப்ரிக்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மெமரியை 2133க்கு இறக்கிவிட்டு ஃபேப்ரிக்கை மட்டும் 1800ல் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது. எரர் வந்தால் ஃபேப்ரிக். வராவிட்டால் அதை விட்டுவிடலாம். கூடவே விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், ஹார்ட்வேர் பிழைகளைக் குறித்துவைக்கும் டபிள்யூஹெச்இஏ-லாகர் பதிவுகளைப் பார்க்க வேண்டும். ஐடி 19, பஸ் அல்லது இன்டர்கனெக்ட் எரர் என்று வந்திருந்தால் கை ஃபேப்ரிக் பக்கம் நீளும். 1900க்கு மேல் தள்ளும் ரைசன் 5000காரர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஐடி 18, கேஷ் ஹையரார்க்கி என்றால் அது கோர் சமாச்சாரம். கர்வ் ஆப்டிமைசரில் கோர் வோல்ட்டேஜை அளவுக்கு மீறிக் குறைத்து வைத்தவர்களுக்கு வரும். ராமை மாற்றி மாற்றிச் செருகினாலும் அது போகாது.

தம்பியின் மெஷினில் இரண்டு ஐடியும் இல்லை. ஃபேப்ரிக் 1800ல் சுத்தமாக ஓடியது. ஸ்டிக்குகள் தனித்தனி ஜோடியாக நல்லவை. சேர்ந்தால்தான் சண்டை.

சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து, ஸ்டிக்கின் குட்டி சிப்பில் எழுதியிருப்பதைக் காட்டும் எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பார்த்தோம். மாடல் நம்பர் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ராங்க் (ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் சிப்களின் தொகுதி) என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கே பழைய ஸ்டிக்கில் டூயல் என்றும் புதியதில் சிங்கிள் என்றும் இருந்தது.

"ஒரே மாடல்தானுங்ணா? பில்லுகூட இருக்குது."

ஒரே மாடல்தான், உள்ளே ஒரே சரக்கு இல்லை. பழைய ஸ்டிக்கில் 8 கிகாபிட் சிப் பதினாறு, இரண்டு பக்கமும் எட்டெட்டாக. புதியதில் 16 கிகாபிட் சிப் எட்டு, ஒரு பக்கம் மட்டும். இரண்டும் 16 ஜிபிதான். மேலே அலுமினியத் தகடு மூடியிருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. ராம் கம்பெனிகள் பெட்டியில் வாக்குக் கொடுப்பது வேகத்துக்கும் முதல் நான்கு டைமிங்குக்கும் வோல்ட்டேஜுக்கும்தான். எந்த சிப், யார் தயாரித்தது என்பதற்கு வாக்குறுதி எதுவும் கிடையாது. அந்த மாதம் எது மலிவோ அது உள்ளே போகும். சாம்சங்கின் பி-டை என்ற சிப்புக்காக அலைந்தவர்கள் ஒரு காலத்தில் டைமிங் எண்களை வைத்தே உள்ளே இருப்பதை ஊகித்து வாங்கியது இதனால்தான்.

சிப்பின் கொள்ளளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரெஃப்ரெஷ். டிராமில், அதாவது இந்த ராம் சிப்களில், ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம். பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் காவல். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1966ல் யோசித்து 1968ல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றுவரை அடிப்படை மாறவில்லை. ஆனால் அது ஓட்டைக் குடம். ஒழுகிக்கொண்டே இருக்கும், தீர்வதற்குள் மறுபடி நிரப்பியாக வேண்டும். டிடிஆர்4ல் எல்லா வரிசைகளையும் 64 மில்லிசெகண்டுக்குள் ஒரு சுற்று நிரப்பிவிட வேண்டும் என்பது விதி. அதை 8192 தவணையாகப் பிரித்தால் சராசரியாக 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தவணை. ஒவ்வொரு தவணையும் முடியும்வரை அந்த ராங்க்கில் வேறு வேலை நடக்காது. அப்படி ஒதுங்கி நிற்கும் நேரத்துக்குப் பெயர் டிஆர்எஃப்சி. சிப் பெரிதானால் ஒரு தவணையில் நிரப்ப வேண்டியதும் அதிகம். 8 கிகாபிட் சிப்புக்கு ஜெடெக் கணக்கு 350 நானோசெகண்ட். 16 கிகாபிட்டுக்கு 550.

பயாஸில் இது கிளாக் கணக்கில் வரும். 1800 மெகாஹெர்ட்ஸில் 350 நானோசெகண்ட் என்பது 630 கிளாக். 550 என்பது 990. ஜென்டைமிங்ஸ் என்ற குட்டி மென்பொருளில் அப்போது நடப்பில் இருக்கும் எண்களைப் பார்க்கலாம். திறந்தோம். நான்கு ஸ்டிக்குக்கும் சேர்த்து டிஆர்எஃப்சி 630.

அதாவது போர்டு பழைய ஸ்டிக்கின் எக்ஸ்எம்பியைப் படித்து அதையே எல்லோருக்கும் போட்டுவிட்டது. புது ஸ்டிக்குகளில் ஒரு தவணை ரெஃப்ரெஷ் முடிவதற்குள்ளேயே அடுத்த வேலை வந்து கதவைத் தட்டியிருக்கிறது. பெரும்பாலான சிப்கள் ஜெடெக் கணக்கைவிடக் கொஞ்சம் சீக்கிரமே முடித்துவிடும் என்பதால் மெஷின் பூட் ஆகி, ஓடி, பாதி நாள் நல்ல பிள்ளையாகவும் இருந்தது. 990 என்று கையால் போட்டோம். டெஸ்ட்மெம்5ல் மளமளவென்று வந்த எரர் அடங்கியது. ராத்திரி முழுக்க ஒன்றிரண்டு மட்டும் எட்டிப்பார்த்தன.

ஒன்றிரண்டு எரர்தானே என்று விடுகிறவர்கள் உண்டு. மெமரியில் அப்படி ஒரு சலுகை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதுவே பலவாகிவிட்டது. எடிட்டிங் ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே. ஏசி இருப்பது பார்ட்டி வந்து உட்கார்ந்து ஆல்பம் பார்க்கிற முன்னறையில். ஏப்ரல் மாத ஈரோட்டு வெயில் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஸ்டிக்குகளில் வெப்பம் காட்டும் சென்சார் இருந்ததால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பார்க்க முடிந்தது. ராத்திரி 41 டிகிரியில் இருந்த நடு ஸ்டிக் மதியம் 54. கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து வேலை வாங்கினால் இன்னும் மேலே, அதன் சூடு நேராக ராம் பக்கம்தானே வருகிறது. சூடு ஏறினால் கெப்பாசிட்டர் வேகமாக ஒழுகும். 85 டிகிரிக்கு மேல் ரெஃப்ரெஷை இரண்டு மடங்கு அடிக்கடி செய் என்று ஜெடெக்கே சொல்கிறது. தரத்துக்குள் ஓடும் ராமுக்கு 54 ஒரு பொருட்டே இல்லை. தரத்தைத் தாண்டி ஓட்டும்போது கையில் இருந்த உபரி எல்லாம் செலவாகிவிடுகிறது. அப்போது பத்து டிகிரி பெரிய விஷயம்.

மெமரி டெஸ்டை ராத்திரியில் மட்டும் ஓட்டிவிட்டு ஸ்டேபிள் என்று சொல்வது நம் ஊருக்கு உதவாது என்பது என் கட்சி. வெளிநாட்டுக் குளிரில் உட்கார்ந்து எழுதிய டைமிங் எண்களை எடுத்து மே மாதத்தில் இங்கே போட்டால் அவை அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு, கேபினட் மூடிய நிலையில், கிராபிக்ஸ் கார்டில் ஃபர்மார்க் மாதிரி ஏதாவது ஒன்று பக்கத்தில் ஓட, அப்போது டெஸ்ட்மெம்5 தேற வேண்டும். அவன் பழைய கேபினட்டிலிருந்து ஒரு 120 எம்எம் ஃபேனை எடுத்து ராமுக்கு நேராக ஜிப் டை போட்டுக் கட்டினோம். பார்க்க அசிங்கம். நடு ஸ்டிக் 46க்கு இறங்கியது.

இறங்கியும் ஒரு எரர் மிச்சம் இருந்தது. இங்கேதான் ஏஎம்டியின் சொந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த வரிசைப் புராசஸர்களுக்கு 3200 என்று விளம்பரத்தில் இருப்பது இரண்டு ஸ்டிக்குக்கு. நான்கு சிங்கிள் ராங்க் என்றால் 2933. நான்கு டூயல் ராங்க் என்றால் 2667. ஒரே கம்பியில் சுமை கூடக் கூட சிக்னலின் விளிம்பு மழுங்கும். எங்களுடையது இரண்டும் கெட்டான், சேனலுக்கு (மெமரிக்கும் புராசஸருக்கும் இடையிலான ஒரு பாதைக்கு) ஒரு டூயல், ஒரு சிங்கிள். 3600 என்பது அந்தக் கன்ட்ரோலருக்கு நாம் கொடுத்த அதிகப்படி வேலை. சிக்னல் மோதித் திரும்பாமல் அடக்கும் ப்ராக்ஓடிடியை ஆட்டோவிலிருந்து 43.6 ஓமுக்கு மாற்றியதில் கொஞ்சம் தெளிந்தது. மெமரிக் கட்டளைகளை நிதானமாக அனுப்பும் கியர்டவுன் மோடு ஏற்கெனவே ஆனில் இருந்தது. இன்னும் நோண்டினால், ராமுக்கு 1.38, எஸ்ஓசிக்கு ஒரு துளி என்று ஏற்றினால், 3600 நின்றிருக்கக்கூடும். அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

"3200க்கு இறக்கறேன்டா."

"3600க்குக் காசு குடுத்துட்டு 3200லயா ஓட்டறது?"

கோபம் நியாயம்தான். கணக்கைப் போட்டுக் காட்டினேன். 3600ல் சிஎல் (டைமிங்கின் முதல் எண்) 18 என்றால், 1800 மெகாஹெர்ட்ஸில் 18 கிளாக், சரியாக 10 நானோசெகண்ட். 3200ல் சிஎல் 16 போட்டால், 1600ல் 16 கிளாக், அதுவும் 10 நானோசெகண்ட். முதல் தாமதத்தில் எந்த நஷ்டமும் இல்லை. குறைவது அகலம்: இரண்டு சேனலுக்கும் சேர்த்து விநாடிக்கு 57.6 ஜிபி என்பது 51.2 ஆகிறது, ஃபேப்ரிக்கும் 1600க்கு வருகிறது. அவன் எக்ஸ்போர்ட்டுக்கு வேண்டியது 64 ஜிபி கொள்ளளவு. ராம் போதாமல் டிரைவில் எழுதிப் படிக்க ஆரம்பித்தால் ஆகும் தாமதத்துக்கு முன்னால் இந்த 400 எல்லாம் தூசு.

16-20-20-38, டிஆர்எஃப்சி 880, அதாவது 1600ல் அதே 550 நானோசெகண்ட். ராம் 1.35 வோல்ட். எஸ்ஓசியை ஆட்டோவில் விடாமல் 1.1 என்று கையால் நிறுத்தினேன், ஏனென்றால் எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் சில போர்டுகள் இதைத் தாங்களாகவே தேவைக்கு மேல் தூக்கிவிடும். மதிய வெயிலில் டெஸ்ட்மெம்5, பிறகு வை-க்ரஞ்சர், பிறகு அந்தப் பழைய ஜிப் ஃபைல். சுத்தம். விண்டோஸ் ஃபைல்களை எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கொடுத்துச் சரிபார்த்தால் கெட்டுப்போன சில ஃபைல்களைக் கண்டுபிடித்து மாற்றியது. ஒரு ரிசப்ஷன் வீடியோவை முன்பு எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டான். வித்தியாசம் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பயாஸ் பூட் திரையில் 3200 என்று வரும்போது முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது.

இப்போது டிடிஆர்5 மெஷின் பற்றி விசாரிக்க ஆரம்பித்திருக்கிறான். அங்கே இந்தக் கதை இன்னும் கடுமை. ரைசன் 7000க்கு இரண்டு ஸ்டிக்கில் 5200 என்று சொல்லும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 என்கிறது. எக்ஸ்போ என்பது எக்ஸ்எம்பிக்கு ஏஎம்டியின் பதில், 2022ல் வந்தது. அடுத்த வருஷமே, எக்ஸ்போ ஆன் செய்த சில மெஷின்களில் 7000எக்ஸ்3டி புராசஸர்கள் கருகி, எஸ்ஓசி வோல்ட்டேஜ் 1.3ஐத் தாண்டக் கூடாது என்று ஏஎம்டி பயாஸ் அப்டேட் வழியாகப் பூட்டுப் போட்டது. வோல்ட்டேஜை ஏற்று என்று பொதுவாக அறிவுரை சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். டிடிஆர்5ல் சிப்புக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறது என்பதை நம்பியும் ஏமாறக் கூடாது. சிப்புக்குள் புரளும் ஒற்றைப் பிட்டை அது திருத்தும்; சிப்பிலிருந்து புராசஸருக்கு வரும் வழியில் கெடுவதற்கு அது பொறுப்பில்லை. முதல் தடவை பூட் ஆகும்போது மெமரி டிரெய்னிங்குக்காக (போர்டு மெமரியோடு சிக்னலைப் பொருத்திப் பார்ப்பதற்காக) திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் பவரைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்ற வசதி இருக்கிறது. டெஸ்ட் முடியும்வரை அதை ஆஃபில் வைப்பதே மேல். இல்லாவிட்டால் பழைய டிரெய்னிங்கின் எண்களையே வைத்துக்கொண்டு நம்மைக் குழப்பும்.

போன வாரம் கூப்பிட்டான். முதலில் 32 ஜிபி போட்டுக்கொள்வானாம், வேலை கூடினால் பிறகு இன்னொரு ஜோடி சேர்த்துக்கொள்வானாம்.

"வேண்டாம்டா. 48 ஜிபி ஸ்டிக் ரெண்டு, ஒரே பெட்டியில வர்றதா வாங்கிப்போடு. மீதி ரெண்டு ஸ்லாட் காலியாவே கெடக்கட்டும்."

"விலையப் பாத்தீங்களாங்ணா?"

பார்த்திருக்கிறேன். முதலில் 32 வாங்கி, பிறகு அதற்குப் பொருந்தாத இன்னொரு 32 வாங்கி, கடைசியில் இரண்டையும் விற்றுவிட்டு 96க்குப் போவதற்கு ஆகும் செலவையும் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.